குற்றாலம் போகலாம்... அந்தக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு!

"டாக்டரய்யா... குத்தாலத்துல ஒரு மண்டலம் குளிச்சா பேச்சு வராத பிள்ளைக்குப் பேச்சு வந்துரும்னு சொல்லுதாவளே, நெசந்தானா?"

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, தென்காசியில் என் கிளினிக்குக்கு வந்த ஒரு ஆச்சி கேட்ட கேள்வி இது. கூடவே மகன், மருமகள், பதினாலு வயசுப் பேத்தி, பதினோரு வயசுப் பேரன். மதுரையிலிருந்து சீசனுக்கு வந்த குடும்பம். பையனுக்கு ஆட்டிசம். அவன் சொல்லும் வார்த்தைகள் நாலைந்துதான். உள்ளே வந்ததும் நேராக என் மேஜையிலிருந்த கல்வத்தின் குழவியை எடுத்துத் தரையில் உட்கார்ந்து உருட்ட ஆரம்பித்துவிட்டான். அவன் பாட்டுக்கு ஒரு உலகம்!

அம்மாவின் முன்கையில் பல் பதிந்த தடம். விசாரித்தேன். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பேரருவிக்குப் போயிருக்கிறார்கள். நல்ல கூட்டம். அப்பா பையனைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நுழைந்ததுதான் தாமதம்... காதைப் பொத்திக்கொண்டு அலறியிருக்கிறான். வெளியே கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தால், அவர் கையைக் கடித்துவிட்டான். சுற்றி நின்றவர்களில் ஒருவர், "பிள்ளைய வளர்க்கத் தெரியாம எதுக்கு இங்கெல்லாம் கூட்டிட்டு வர்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். அந்த அவமானத்தில் அம்மா துண்டை எடுக்கத் திரும்பிய நேரம், பையனைக் காணோம்! இருபது நிமிஷம் கழித்து ஒரு சிப்ஸ் கடையின் பின்பக்கம், குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தானாம்.

"இனிமே இவனை எங்கேயும் கூட்டிட்டுப் போறதா இல்ல டாக்டர்" என்றார் அம்மா. அதுவரை பேசாமலிருந்த பேத்தி மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நாமளும் இனிமே எங்கேயும் போக மாட்டோமாம்மா?"

யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தச் சின்னப் பெண்ணின் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஆட்டிசம், மூளைவளர்ச்சிக் குறைபாடு, பெருமூளை வாதம், டவுன் சிண்ட்ரோம், வலிப்பு என்று ஏதோ ஒன்றோடு வாழும் குழந்தைகள் இருக்கும் எத்தனையோ வீடுகளில், சுற்றுலா என்ற சொல்லையே மறந்துவிட்டார்கள். மறக்க வேண்டியதில்லை. குற்றாலத்தின் கூட்டத்தையும் இரைச்சலையும் நம்மால் மாற்ற முடியாதுதான். ஆனால் எந்த நாள் போவது, எந்த நேரம் போவது, எவ்வளவு நேரம் இருப்பது... இந்த மூன்றும் நம் கையில்தானே இருக்கிறது!

அது பிடிவாதம் இல்லை!

முதலில், அந்தப் பையன் ஏன் அலறினான் என்று பார்ப்போம்.

பேரருவி ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. நேரே விழாமல் நடுவில் 'பொங்குமாகடல்' என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, அப்புறம் கீழே வருகிறது. அப்படியும் அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது நமக்குக் கேட்காது. இதோடு காவலர்களின் விசில், கடைகளின் பாட்டு, குளிப்பவர்களின் கூச்சல், முகத்தில் அடிக்கும் சாரல், ஈரத் துணி, முட்டி மோதும் உடம்புகள், எண்ணெயில் பொரியும் சிப்ஸின் வாசனை... எல்லாம் ஒரே சமயத்தில்!

நம் மூளை இதில் வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளிவிடும். சந்தைக் கூச்சலிலும் நாம் காய்க்காரரிடம் பேரம் பேசுகிறோமே, அது இதனால்தான். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு இந்த வடிகட்டும் வேலை சரியாக நடப்பதில்லை. எல்லாச் சத்தமும், எல்லாத் தொடுதலும் ஒரே பலத்தோடு உள்ளே வந்து இறங்குகிறது. தாங்க முடியாதபோது அலறல், கடித்தல், ஓட்டம். பேச முடியாத பிள்ளைக்கு 'போதும்' என்று சொல்ல வேறு வழி ஏது?

பிடிவாதம் பிடிக்கிற குழந்தை, கேட்டது கிடைத்ததும் அடங்கிவிடும். நாம் கவனிக்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும். இது அப்படி அல்ல. மிட்டாய் கொடுத்தாலும் நிற்காது, அதட்டினால் கூடும். அடித்தால் இன்னும் மோசமாகும்.

நல்ல விஷயம் என்னவென்றால், இது பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. ஒரு பிள்ளை காதைப் பொத்தும். ஒரு பிள்ளை ஒரே சத்தத்தை முனகும். இன்னொன்று கையை வேகமாக உதறும், காது மடல் சிவக்கும். 'உங்கள்' பிள்ளையின் முன்னறிகுறி என்ன? அது எந்த டாக்டரையும்விட உங்களுக்குத்தான் தெரியும். அது தெரிந்த நிமிஷமே கூட்டத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் அஞ்சு நிமிஷம்' என்று இழுப்பதில்தான் வினையே!

குளித்தால் குணமாகுமா?

ஆச்சிக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். படிக்கிற காலத்திலேயே சீசன் வந்தால் நண்பர்களோடு பஸ் ஏறிக் குற்றாலத்துக்கு ஓடிவிடுவோம். அருவிக் குளியலின் அருமை தெரியாதவன் இல்லை. உடம்புச் சூடு தணியும், நல்ல பசி எடுக்கும், இரவில் தூக்கம் சொக்கும். மூலிகைக் காட்டு வழியே வரும் தண்ணீர் என்று ஊரே பெருமைப்படுவதும் நியாயம்தான்.

ஆனால், குற்றாலத் தண்ணீர் ஆட்டிசத்தைப் போக்காது. மூளைவளர்ச்சிக் குறைபாட்டையும் போக்காது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், ஒரு மண்டலம் அல்ல, ஒன்பது மண்டலம் குளித்தாலும் அதனால் பேச்சு வராது. பேச்சுக்குப் பேச்சுப் பயிற்சி இருக்கிறது, அன்றாடச் செயல்களுக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. அவற்றைச் சின்ன வயதிலேயே ஆரம்பித்து விடாமல் செய்ய வேண்டும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன்? குணமாக்கத்தான் கூட்டிப் போகிறோம் என்று நினைத்தால், பிள்ளை அலறினாலும் தலையைப் பிடித்துத் தண்ணீரில் காட்டுவோம். 'கொஞ்சம் அழுதா அழட்டும், நல்லதுக்குத்தானே' என்று தோன்றும். சந்தோஷத்துக்காகக் கூட்டிப் போகிறோம் என்றால், அவன் முகம் சுளித்த உடனே நிறுத்திவிடுவோம். இந்த ஒரு நினைப்பு மாறினாலே பாதித் தொல்லை குறைந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 'குற்றாலத்தில் குளிக்கிறோமே' என்று வலிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். என்னைப் போன்ற வைத்தியர் கொடுக்கும் கஷாயத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

புறப்படுமுன் வீட்டில்...

இந்தக் குழந்தைகளுக்குப் பிடிக்காத விஷயம் எதிர்பாராதது. அதனால் பதினைந்து நாளுக்கு முன்பே ஆரம்பியுங்கள்.

அருவியின் படத்தைக் காட்டுங்கள். கைபேசியில் அருவிச் சத்தத்தை முதலில் மெதுவாக, நாளாக ஆகக் கொஞ்சம் கூட்டிக் கேட்க விடுங்கள். குளியலறை ஷவரின் கீழே முதலில் கை, அப்புறம் கால், அப்புறம் தோள். பயப்படுகிறானா, விட்டுவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம்.

ஒரு அட்டையில் நாலு படம் வரைந்து ஒட்டுங்கள். ரயில், லாட்ஜ், அருவி, திரும்ப நம் வீடு. கடைசிப் படம் முக்கியம்! 'முதல்ல அருவி, அப்புறம் வீடு' என்று முடிவு தெரிந்தால் பிள்ளைக்குத் தைரியம் வரும்.

சீசன் ஆனி, ஆடி, ஆவணி மாதங்கள். சனி, ஞாயிறு, ஆடி அமாவாசை, பண்டிகை விடுமுறை... இவற்றைத் தவிருங்கள். செவ்வாய், புதன் நல்லது. விடிந்தும் விடியாமலும் போனால் பாதிக் கூட்டம்கூட இருக்காது.

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் தென்காசியில் இறங்கலாம். அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் இறங்கிய கையோடு அருவிக்குப் போகாதீர்கள். தூக்கம் கெட்ட பிள்ளைக்கு எரிச்சல் வரும். வலிப்பு உள்ள பிள்ளையென்றால் தூக்கக் கேடே வலிப்பைக் கொண்டுவரும். அன்று முழுக்க லாட்ஜில் ஓய்வு, மறுநாள் காலையில் அருவி. அறை எடுக்கும்போது ரோட்டுப் பக்கம் வேண்டாம், பின்பக்க அறையாகக் கேளுங்கள். வீட்டில் அவன் போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையை எடுத்துப் போங்கள். பழகிய வாசனைதான் அவனுக்குத் தாலாட்டு.

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இடம்பெற்றிருக்கின்றன. ஆட்டிசமும் அதில் ஒன்று. சான்றிதழும் அடையாள அட்டையும் இதுவரை வாங்கவில்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். அறிவுசார் குறைபாட்டால் துணையின்றிப் பயணம் செய்ய முடியாதவர்களுக்கும், கூட வரும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு.

எந்த அருவி?

குற்றாலம் என்றாலே பேரருவி என்று நினைக்கிறோம். இந்தக் குழந்தைகளுக்குப் பேரருவி கடைசி. முதலில் புலியருவி. சிறியது, இரைச்சல் குறைவு, குழந்தைகளோடு வருபவர்கள் விரும்பிப் போகும் இடம். அங்கே ஒத்துப்போனால் மறுநாள் ஐந்தருவியைத் தூரத்திலிருந்து காட்டலாம். அதன் பக்கத்திலேயே சுற்றுச்சூழல் பூங்காவும் இருக்கிறது. மரமும் நிழலும் அமைதியும் தேடும் பிள்ளைக்கு அருவியைவிட அதுவே பிடித்துப்போகலாம். குளித்தே ஆகவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே!

போன உடனே தண்ணீருக்குள் இறங்காதீர்கள். தள்ளி நின்று பத்து நிமிஷம் பார்க்கட்டும். அப்புறம் பத்தடி முன்னால். காதை மூடும் ஹெட்ஃபோன் இருந்தால் கரையில் இருக்கும்போது போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பஞ்சு வைத்து மேலே துண்டைக் கட்டினாலும் சத்தம் கொஞ்சம் குறையும். முதல் நாளுக்கு அரைமணி நேரம் போதும். அழுதுகொண்டு திரும்புவதைவிட, 'இன்னும் கொஞ்சம்' என்ற ஆசையோடு திரும்பட்டும்.

வெறும் வயிற்றிலும் வேண்டாம், சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். லேசாக ஏதாவது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். குளித்ததும் தலையை நன்றாகத் துவட்டி, சுக்குமல்லிக் காபியை இளஞ்சூட்டில் கொஞ்சம் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை! குற்றாலத்துக் குரங்குகள் கையில் உணவுப் பொட்டலத்தைப் பார்த்தால் பறித்துவிடும். பயந்த பிள்ளை எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. அதனால் திறந்தவெளியில் தீனி வேண்டாம்.

அம்மா எந்தப் பக்கம்?

அருவிகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், வளர்ந்த பையனைத் தனியாக வளர்க்கும் ஒரு அம்மா என்ன செய்வார்? பன்னிரண்டு, பதினைந்து வயசுப் பையன். உடம்பு வளர்ந்துவிட்டது, மனசு நாலு வயசு. பெண்கள் பகுதிக்குள் அவனை விடமாட்டார்கள். அது நியாயம். ஆண்கள் பகுதிக்குள் அம்மா போக முடியாது. அதுவும் நியாயம். அந்தப் பிள்ளைக்கு மட்டும் எந்தப் பக்கமும் இல்லை!

தாய்மாமனோ, சித்தப்பாவோ, பிள்ளைக்கு நன்றாகப் பழக்கமான ஒரு ஆண் துணையோ இல்லாமல் வளர்ந்த பையனோடு அருவிக்குள் போக நினைக்காதீர்கள். முன்பின் தெரியாதவரிடம் 'கொஞ்சம் குளிப்பாட்டி விடுங்க' என்று ஒருபோதும் ஒப்படைக்க வேண்டாம். துணை இல்லையென்றால் கரையில் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளை என்றால் மாதவிலக்கு நாளைக் கணக்குப் பார்த்துப் பயணத் தேதி வையுங்கள். இருவருக்கும் பொதுவான ஒன்று, உடை மாற்றுவது மூடிய அறையில்தான் நடக்க வேண்டும். 'அதுக்கு என்ன தெரியும்' என்று ரோட்டோரத்தில் மாற்றாதீர்கள். அதற்கும் மானம் உண்டு.

சக்கர நாற்காலியில் வருபவர்கள் கடல் அலை வரை போக, சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, மறுபடி சீர் செய்தார்கள். மனசு வைத்தால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி. அதேபோல் அருவிக்கரையில் இந்தக் குழந்தைகளும் அம்மாக்களும் சேர்ந்து குளிக்கச் சின்னதாக ஒரு மறைப்பும், காலையில் ஒரு மணி நேரமும் ஒதுக்கினால் என்ன? பெற்றோர்கள் சேர்ந்து கேளுங்கள். கேட்காத வரை கிடைக்காது.

தண்ணீர் இழுக்கும்!

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. கூட்டத்தைக் கண்டு ஓடுகிற அதே பிள்ளை, ஆளில்லாத தண்ணீரைத் தேடிப் போய்விடும். அந்த மதுரைப் பையன் குழாயடிக்குப் போனானே... குளமோ ஓடையோ பக்கத்தில் இருந்திருந்தால்? 2012-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் 49 சதவீதம் பேர் நாலு வயசுக்குப் பிறகு ஒரு தடவையாவது தனியே ஓட முயன்றதாகப் பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் வீட்டைவிட வெளியூரில் கவனம் அதிகம் வேண்டும்.

'எல்லாரும் பார்த்துக்கறோம்' என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு சமயத்தில் ஒருவர் பொறுப்பு. கைமாற்றும்போது, "இப்ப நீங்க பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பையனுக்கு மஞ்சளோ ஆரஞ்சோ, பளிச்சென்ற சட்டை. அன்று காலையே அந்த உடையில் ஒரு போட்டோ. சட்டையின் உள்பக்கம் துணியில் உங்கள் கைபேசி எண், 'எனக்குப் பேச வராது' என்ற ஒரு வரி. காணவில்லை என்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் தேடுங்கள், கடைத்தெரு அப்புறம். உடனே காவலரிடம் சொல்லுங்கள். 112-க்கும் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

அருவியில் வெள்ளம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயசுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். ஓடத் தெரிந்தவர்களுக்கே அந்த நிலை. மலையில் மழை என்றாலோ, தண்ணீர் கலங்கி வந்தாலோ, விசில் ஊதினாலோ எதையும் எடுக்க நிற்காமல் பிள்ளையோடு மேட்டுக்கு வந்துவிடுங்கள். குளிக்க அனுமதி உண்டா என்று புறப்படுமுன் லாட்ஜில் கேட்டுக்கொள்வது நல்லது.

யார் அருவியில் நிற்கக் கூடாது?

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளைச் சேர்க்கும் மூட்டு தளர்ந்திருக்கும். உயரத்திலிருந்து விழும் தண்ணீர் தலையில், கழுத்தில் அறையக் கூடாது. ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறும் இருக்கும். உங்கள் டாக்டரைக் கேட்காமல் இறக்காதீர்கள். கால் நனைத்து, கையால் மொண்டு ஊற்றினாலே அவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

பெருமூளை வாதத்தால் கை கால் இறுகிய பிள்ளைக்குக் குளிர்ந்த நீரில் இறுக்கம் இன்னும் கூடும். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு முகத்தில் அடிக்கும் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம். இவர்களை ஈரப் பாறையில் தூக்கிக்கொண்டு நடப்பது உங்களுக்கும் ஆபத்து. சாரல் மட்டும் படும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

வலிப்பு உள்ள பிள்ளை டாக்டர் அனுமதித்தால் மட்டும், ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, ஓரமாகக் குளிக்கலாம். வலிப்பு வந்தால் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, உடனே வெளியே கொண்டுவந்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது, தண்ணீர் புகட்டுவது... எதுவும் கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, தண்ணீர் குடித்திருந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

எங்கள் மருந்தைப் பற்றியே ஒரு வார்த்தை. குளித்துவிட்டு வந்ததும் 'சளி பிடிச்சிரும்' என்று கற்பூரத் தைலத்தை நெஞ்சிலும் மூக்கிலும் தேய்க்கும் வழக்கம் உண்டு. வலிப்பு உள்ள பிள்ளைக்கு அதைத் தொடவே வேண்டாம். கற்பூரம் உடம்புக்குள் போனால் வலிப்பைத் தூண்டும். தோலில் அதிகம் தேய்த்தும் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. யூகலிப்டஸ் தைலமும் அப்படியே. எண்ணெய் தேய்க்க ஆசையா? லாட்ஜிலேயே நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் தேய்த்து, துடைத்துவிட்டுக் கூட்டிப் போங்கள். அருவியில் எண்ணெய்க் குளியலுக்கும் சோப்பு, ஷாம்பூவுக்கும் தடை இருக்கிறது. வழுக்கவும் செய்யும்.

அப்படியும் அலறிவிட்டால்...

பேச்சைக் குறையுங்கள். பத்துப் பேர் பத்துச் சமாதானம் சொன்னால் அதுவும் இரைச்சல்தான். ஒருவர் மட்டும், தாழ்ந்த குரலில், 'போகலாம்' என்ற ஒரே சொல். முன்கூட்டியே பார்த்து வைத்த அமைதியான இடத்துக்கு, உங்கள் காருக்கோ ஒரு மரத்தடிக்கோ கூட்டிப் போங்கள். இறுகப் பிடித்தால் அடங்கும் பிள்ளைகளும் உண்டு, தொட்டால் பொங்கும் பிள்ளைகளும் உண்டு. உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று கூட வருபவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. "ஆட்டிசம் உள்ள பிள்ளைங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்றால் போதும். பெரும்பாலோர் விலகி வழி விடுவார்கள். இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு குடும்பத்தை எங்காவது பார்த்தால் புத்தி சொல்லாதீர்கள். "பையைப் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேளுங்கள்.

வீட்டில் மற்றப் பிள்ளைகளை மறக்க வேண்டாம். அவர்களும் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துத்தான் வளர்கிறார்கள். ஒரு மணி நேரமாவது அம்மாவோ அப்பாவோ அவர்களுக்கு மட்டும் என்று இருக்கட்டும். அண்ணன், அக்கா என்பதற்காகக் காவல் வேலையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

சரி, அந்த மதுரைக் குடும்பம் என்ன ஆனது?

இந்த வருஷம் ஆனி மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை மறுபடி வந்தார்கள். முதல் நாள் முழுக்க ஓய்வு. மறுநாள் விடியற்காலையில் புலியருவி. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பையன் கால்மணி நேரம் தள்ளி நின்றானாம். அப்புறம் கரையில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டிருக்கிறான். தலையை நனைக்கவே இல்லை. ஆச்சி ஒரு கை தண்ணீரை எடுத்து அவன் தலைக்குக் கொண்டுபோனவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டாராம்! அதைப் பார்த்துப் பையன் சிரித்திருக்கிறான்.

பேத்தி அம்மாவோடு பெண்கள் பக்கம் போய் ஆசை தீரக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு என் கிளினிக்குக்கு வந்திருந்தாள். "அடுத்த வருஷம் எங்க போகப் போறீங்க?" என்று கேட்டேன்.

"இங்கேயேதான் டாக்டர். தம்பிக்கு இப்ப வழி தெரியும்ல!" என்றாள்.

பையில் மறக்காமல்...

மருத்துவச் சான்றிதழ், அடையாள அட்டை நகல். இரண்டு நாளுக்குக் கூடுதலாக மாத்திரை, டாக்டர் சீட்டு. ஹெட்ஃபோன் அல்லது பஞ்சு. பழகிய போர்வை, பிடித்த ஒரு பொம்மை. அடிப்பாகம் வழுக்காத செருப்பு. இரண்டு செட் உலர்ந்த உடை, பெரிய துண்டு. பிள்ளைக்குப் பழக்கமான தின்பண்டம். படம் ஒட்டிய அட்டை.